கட்டானா வாளைத் தண்ணீர் வளைக்கும் விதம்

ஜப்பானியப் போர்வீரர்களான சாமுராய்களின் கட்டானா வாள் என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த மெல்லிய வளைவுதான். சம்மட்டியால் தட்டித் தட்டி அப்படி வளைத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கொல்லர் தட்டி முடிக்கும்போது கட்டானா கிட்டத்தட்ட நேராக இருக்கும், லேசாகக் கொஞ்சம் வளைவு கொடுத்திருப்பார், அவ்வளவுதான். மீதி வளைவு, பழுக்கக் காய்ச்சிய வாள் தண்ணீருக்குள் இறங்கிய சில நொடிகளில் தானாகவே வந்துவிடுகிறது. வாளுக்குக் கூர்மையும் உறுதியும் தருகிற அதே நிகழ்வுதான் இந்த வளைவையும் தருகிறது. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள, எஃகு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜப்பானியக் கொல்லர்கள் பெரும்பாலும் நம்பியிருந்தது ஆற்றுப் படுகையிலும் மலைச்சரிவிலும் கிடைத்த கருப்பு இரும்பு மணலைத்தான். நாட்டின் மேற்கே, இன்றைய ஷிமானே மாகாணம் இருக்கும் பகுதி இதற்குப் பேர் போனது. அங்கே களிமண்ணால் தொட்டி போல ஒரு உலை கட்டி, மரக்கரியையும் இரும்பு மணலையும் மாற்றி மாற்றிக் கொட்டி, துருத்தியால் காற்று ஊதிக்கொண்டே மூன்று பகல் மூன்று இரவு எரிப்பார்கள். இந்த உலைக்குப் பெயர் தத்தாரா. கடைசியில் உலையையே உடைத்து, அடியில் உருவாகியிருக்கும் பெரிய இரும்புப் பாளத்தை வெளியே இழுப்பார்கள். இன்றைக்கு நடக்கும் முறையில் சுமார் 10 டன் மணல் போட்டால் இரண்டரை டன் பாளம் கிடைக்கிறது, அதிலும் வாளுக்கு உகந்த தமஹகானே என்ற உயர்தர எஃகு ஒரு டன்கூடத் தேறாது. மணலில் கந்தகமும் பாஸ்பரஸும் குறைவாக இருப்பதாலும், இரும்பு முழுசாக உருகி ஓடும் அளவுக்குச் சூடு ஏறாததாலும் இந்த எஃகு சுத்தமாக இருக்கும். ஆனால் கார்பன் ஒரே சீராக இருக்காது, ஒரு துண்டில் அதிகம், பக்கத்துத் துண்டில் குறைவு, நடுநடுவே கசடு வேறு.

இதைச் சரிசெய்யத்தான் எஃகை மடித்து மடித்து அடிக்கிறார்கள். கொல்லர் முதலில் எஃகைத் தகடாகத் தட்டி, தண்ணீரில் தோய்த்து, உடைத்துப் பார்ப்பார். கார்பன் அதிகமுள்ள துண்டு பட்டென்று உடையும், குறைவானது வளைந்துகொடுக்கும். பிரித்து வைத்த துண்டுகளை அடுக்கி, வைக்கோல் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி, சூடாக்கி, அடித்து ஒன்றாக்கி, நடுவில் வெட்டு போட்டு மடித்து, திரும்ப அடிப்பார். கட்டானாவை ஆயிரக்கணக்கான தடவை மடிப்பார்கள் என்று இணையத்தில் அடிக்கடி பார்க்கிறோம், அது தவறு. வழக்கமாக 10 முதல் 15 தடவைதான். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாவதால் 10 தடவையிலேயே 1,024 அடுக்கு வந்துவிடும், 15 தடவை என்றால் 32,768. அதற்கு மேல் மடித்தால் நஷ்டம்தான், ஏனென்றால் ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கார்பன் எரிந்து போகிறது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்த கார்பன் சுமார் 0.7 சதவீதத்துக்கு இறங்கும்போது நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் வாள் கூர் நிற்காத வெறும் இரும்பாகிவிடும். இந்த எஃகை வெளித்தோலாக வைத்து, உள்ளே கார்பன் குறைந்த மென்மையான இரும்பைப் பொதிந்து வாளாக நீட்டுவது பரவலான முறை.

அப்புறம்தான் களிமண் பூச்சு. களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி கலந்த சேற்றை வாளின் முதுகுப் பக்கம் தடியாகவும் வெட்டுவாய்ப் பக்கம் மெல்லிசாகவும் பூசிக் காயவைக்கிறார்கள். பிறகு பட்டறையை இருட்டாக்கிவிட்டு, நெருப்பில் வாளின் நிறத்தை மட்டும் பார்த்துச் சூட்டை மதிப்பிடுகிறார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் 750 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சரியான இடத்தை வெறும் கண்ணால் பிடித்தார்கள் என்பது எனக்கு எப்போதும் பிரமிப்புதான். சூடு கூடினால் எஃகு விரிசல் விடும், குறைந்தால் கெட்டியாகாது.

அந்தச் சூட்டில் இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அணுக்களுக்கு உள்ளே இடம் கொடுக்கிறது. இப்போது கொல்லர் வாளைத் தண்ணீரில் இறக்குகிறார். வெறும் எஃகு மேல் தண்ணீர் பட்டால் நீராவி ஒரு போர்வை போலச் சுற்றிக்கொண்டு குளிர்வதைத் தடுக்கும். மெல்லிய களிமண் பூச்சு அந்தப் போர்வையைச் சீக்கிரம் கலைப்பதால், வெட்டுவாய் இன்னும் வேகமாகக் குளிர்கிறது. அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும்போது கார்பன் வெளியேற நேரமே இல்லை, உள்ளேயே சிக்கி அடுக்கை இழுத்துப் பிடிக்கிறது. இப்படி உருவாவதுதான் மார்ட்டென்சைட், எஃகின் மிகக் கெட்டியான வடிவம். தடித்த களிமண்ணுக்கு அடியில் இருக்கும் முதுகு மெதுவாகக் குளிர்வதால் கார்பன் நிதானமாகப் பிரிந்து, மென்மையான, அடி தாங்கும் பியர்லைட்டாகிறது.

வளைவு வருவது இங்கேதான். முதலில் வெட்டுவாய் மட்டும் குளிர்ந்து சுருங்குவதால் வாள் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கமாக, அதாவது வாய்ப்பக்கம் கவிழ்ந்து வளைகிறது. அடுத்த கணம் அங்கே மார்ட்டென்சைட் உருவாகிறது. அதற்கு பியர்லைட்டைவிட அதிக இடம் வேண்டும், ஆக வாய்ப்பக்கம் நீள்கிறது, முதுகு அதே அளவு நீளாமல் குளிர்ந்து சுருங்குகிறது, வாள் முதுகுப் பக்கமாக வளைந்து நின்றுவிடுகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீள முயன்ற வெட்டுவாயை முதுகு பிடித்து நெருக்கிக்கொண்டே இருப்பதால், சின்ன விரிசல் வந்தாலும் அது எளிதில் திறந்துகொள்வதில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில் இரு பக்கமும் எதிரெதிராக இழுப்பதால், பல நாள் உழைப்பு அங்கேயே உடைந்துபோவதும் உண்டு. தப்பிப் பிழைத்த வாளைத் தேய்த்து மெருகேற்றும்போது, கெட்டிப் பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் நடுவே வெண்மையான அலைக்கோடு தெரியும். அதன் பெயர் ஹமோன். களிமண்ணை எப்படிப் பூசினார் என்பது அதில் தெரிவதால், அந்தக் கோட்டைப் பார்த்தே எந்தப் பட்டறைப் பரம்பரையைச் சேர்ந்த கொல்லர் என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஜப்பானில் முதலில் இருந்தவை நேரான வாள்கள்தான். சுமார் 10ஆம் நூற்றாண்டிலிருந்து, குதிரை மேலிருந்து வீசுவதற்கு வசதியான வளைந்த வாள்கள் பரவின. அந்தக் காலத்துச் சாமுராயின் முதல் ஆயுதம் வில்தான், வாள் அதற்கு அடுத்தது. 1274லும் 1281லும் மங்கோலியர் படையெடுத்து வந்ததற்குப் பிந்தைய தலைமுறையில், சுமார் 1300இல், சகாமி பகுதியில் மாசமுனே வேலை செய்தார். இன்றும் ஜப்பானில் மிக உயர்வாக மதிக்கப்படும் கொல்லர் அவர். இடுப்புப் பட்டையில் வெட்டுவாய் மேலே பார்க்கச் செருகும் கட்டானா பரவலானது அதற்கும் பிறகுதான்.

1876இல் பொது இடத்தில் வாள் அணிவதை அரசு தடை செய்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தத்தாராவும் அணைந்தது. 1977இல் ஷிமானேயில் வாள் பாதுகாப்புச் சங்கம் ஒரு தத்தாராவை மீண்டும் மூட்டியது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது எரிகிறது, அதில் கிடைக்கும் தமஹகானே, நாடு முழுக்க உள்ள உரிமம் பெற்ற கொல்லர்களுக்குப் போகிறது. ஒரு கொல்லர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்களுக்கு மேல் செய்யக்கூடாது என்பது அங்குள்ள விதி.