எலுமிச்சைச் சாறும் வேலூர் வெயிலும்

"சூடு எதுவும் படல டாக்டர், ஆனா கை வெந்த மாதிரி கறுத்துப்போச்சு." கத்திரி வெயில் ஆரம்பித்தால் என் தோல் கிளினிக்கில் இதைக் கேட்காத வாரம் இல்லை. எலுமிச்சை பிழிந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

போன சித்திரையில் குடியாத்தம் பக்கமிருந்து நான்கு வயதுப் பையனைக் கூட்டி வந்தார்கள். முதுகில் நான்கு விரல் தடம், பழுப்பு நிறத்தில், இடைவெளி மாறாமல். அடித்தது மாமியார்தான் என்று வீட்டில் பெரிய சண்டை. அந்தப் பாட்டியும் கூடவே வந்திருந்தார். மூன்று நாளைக்கு முன் ஊறுகாய்க்கு ஒரு கூடை எலுமிச்சை நறுக்கியவர், ஈரக்கையோடு பேரனை இழுத்து அணைத்திருக்கிறார். பையன் சட்டையில்லாமல் மத்தியானம் முழுக்க வெயிலில் விளையாடியிருக்கிறான். பாட்டியின் கையைத் தடத்தின் மேல் வைக்கச் சொன்னேன். அப்படியே பொருந்தியது. மருமகள் அழுதுவிட்டார்.

எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ரூட்டேசியே என்ற ஒரே குடும்பம். எலுமிச்சை இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். வாசனை அங்கிருந்துதான் வருகிறது. இந்தக் குடும்பத்தின் பல செடிகளில் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் உண்டு. எலுமிச்சையில் சாற்றைவிடப் பழத்தோலில் அதிகம். அது நம் தோலில் பட்டு, மேலே வெயிலின் புற ஊதா ஏ கதிரும் பட்டால் செல்கள் வெந்துபோகும். இது ஒவ்வாமை இல்லை, யாருக்கும் வரலாம். சிவப்பும் கொப்புளமும் மறுநாள்தான் தெரியும், 2, 3 நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் எலுமிச்சை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கறிவேப்பிலையால் இப்படி ஆகி நான் பார்த்ததில்லை. ஆனால் குழந்தைகளுக்கென்று வளர்க்கும் அருவதாவிடம் கவனம் வேண்டும். குடும்பத்துக்கே பெயர் கொடுத்த ரூட்டா இனம் அதுதான். பச்சை இலையைக் கசக்கிப் பூசிவிட்டுக் குழந்தையை வெயிலில் காட்டாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வெள்ளையாக வேண்டும் என்று முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு காலேஜ் பஸ் ஏறும் பிள்ளைகள்தான். ஒரு பெண்ணுக்குச் சாறு வழிந்த வழியெல்லாம் கழுத்தில் கறுப்புக் கோடு. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியும் அந்தப் புற ஊதா ஏ கதிரை முழுதாகத் தடுக்காது. இருக்கிற நல்ல நிறத்தை ஏன் இப்படிச் சுட்டுக்கொள்ள வேண்டும்?

சாதமோ ஜூஸோ, தாராளமாகச் சாப்பிடுங்கள். பிழிந்த கையை மட்டும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெளியே போங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், பேஸ்ட் தடவாதீர்கள். ஈரத்துணி வையுங்கள், வெயில் படாமல் மூடி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். கறுப்பு மறைய மாதக்கணக்கில்கூட ஆகும். அந்தப் பையனுக்கு ஆவணி வரை ஆனது.