21 நாள் ஊசியை நடுவில் நிறுத்தாதீர்கள்

இரவு பதினோரு மணி இருக்கும். பிரசவ வார்டிலிருந்து போன் வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி, வயது 23, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்கள். போய்ப் பார்த்தபோது கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாக உட்கார்ந்தபடியேதான் தூக்கம். "மாசம் ஏறினா மூச்சு வாங்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொன்னாங்க சார்" என்றார் அவருடைய அம்மா.

இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்தேன். 'லப்' வழக்கத்தைவிட ஓங்கிக் கேட்டது. 'டப்' முடிந்த பிறகு, தூரத்தில் மரப்பாலத்தின் மேல் வண்டி உருள்கிற மாதிரி ஒரு தாழ்ந்த சத்தம். மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தால் கேட்கிற சத்தம் அது. "சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. மகள் ஆறாவது படிக்கும்போது வந்ததாம். ஒரு முட்டி சரியானால் அடுத்த முட்டி, அப்புறம் கணுக்கால். 21 நாளுக்கு ஒரு ஊசி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றரை வருடம் போட்டிருக்கிறார்கள். வலி போய்விட்டது, ஊசியையும் விட்டுவிட்டார்கள்.

இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். வலப்பக்கம் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்புகிறது, இடப்பக்கம் உடம்பு முழுவதற்கும். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கிற கதவுதான் மிட்ரல் வால்வு. பள்ளிப் புத்தகத்தில் ஈரிதழ் வால்வு என்று படித்திருப்பீர்கள். மற்ற மூன்று வால்வுகளுக்கும் மும்மூன்று இதழ்கள், இதற்கு மட்டும் இரண்டு. இதழ்கள் மிக மெல்லியவை. ஆனால் ரத்த அழுத்தம் பார்க்கும்போது 120 என்று சொல்கிறோமே, அந்த அழுத்தம் முழுவதையும் ஒவ்வொரு துடிப்பிலும் மூடி நின்று தாங்குவது அவைதான். இதழ்கள் மேலறைப் பக்கம் மடங்கிவிடாதபடி, அவற்றின் விளிம்புகளைப் பாராசூட் கயிறு போல வெள்ளை நார்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த நார்கள் கீழறைச் சுவரிலிருந்து எழும் சிறு தசைத் தூண்களில் போய்ச் சேர்கின்றன. இப்படி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை மூடித் திறக்கிறது. படிக்கிற காலத்தில் இதை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தபோது வெகுநேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

நன்றாக இருக்கிற மிட்ரல் வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அந்தப் பெண்ணுக்கு எக்கோவில், அதாவது இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் ஸ்கேனில், 0.9 தான் இருந்தது.

இது தொண்டையில் தொடங்குகிற நோய். 'குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா, பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் தொண்டையில் புண் உண்டாக்கும். அதை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், அந்தக் கிருமியின் சாயலில் இருக்கிற நம் இதயத் திசுவையும் தாக்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இதைத்தான் ருமாட்டிக் காய்ச்சல் என்கிறோம். மூட்டு வீக்கம் சுவடில்லாமல் ஆறிவிடும். வால்வில் பட்ட காயம் தழும்பாக நின்றுவிடும். அடுத்த தொண்டைப் புண்ணில் காய்ச்சல் திரும்பினால், தழும்பின் மேல் தழும்பு. இதழ்கள் தடித்து, விளிம்புகள் ஒட்டி, கதவு மீன்வாய் போலக் குறுகிவிடும்.

இருபது வயது வரை ஒன்றும் தெரியாமல் ஓடிய உடம்பு கர்ப்பத்தில் ஏன் திணறுகிறது? கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. துடிப்பும் வேகமாகிறது. மிட்ரல் வால்வு திறந்திருப்பது இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் இதயம் ஓய்வெடுக்கிற நேரத்தில்தான். துடிப்பு வேகமாகும்போது குறைவது அந்த நேரம்தான். கூடுதல் ரத்தம், குறுகிய வழி, குறைந்த நேரம். ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது.

துடிப்பைக் குறைக்கவும் தேங்கிய நீரை வெளியேற்றவும் மருந்து கொடுத்து, சில நாளில் பலூன் சிகிச்சை செய்தோம். தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போய், ஒட்டிய வால்வுக்குள் பலூனை வைத்து விரித்தால் விளிம்புகள் பிரியும். ஜப்பானைச் சேர்ந்த மருத்துவர் கான்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த முறை. வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்துச் செய்தோம். அன்றிரவு அந்தப் பெண் மல்லாந்து படுத்துத் தூங்கினார். குழந்தையும் நலமாகப் பிறந்தது.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன வால்வில் பலூன் பலிக்காது, செயற்கை வால்வு வைக்க வேண்டும். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. குழந்தை பெற வேண்டிய வயதில் அந்த மாத்திரை ஒரு பெரிய சிக்கல், கருவைப் பாதிக்கக்கூடியது.

இத்தனையையும் தடுப்பதற்குத்தான் அந்த 21 நாள் ஊசி. அது மூட்டு வலிக்கான ஊசி இல்லை. நீண்ட நாள் வேலை செய்கிற பென்சிலின். கிருமி மறுபடி தொண்டையில் குடியேறாமல் காக்கிறது. மூன்று வாரம் தாண்டினால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும், அதனால்தான் நாள் தவறக் கூடாது. குறைந்தது ஐந்து வருடம். இதயம் பாதித்திருந்தால் பத்து வருடமோ, அதற்கு மேலோ. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஊசியை விட்டவர்கள் எல்லாரும் அலட்சியத்தால் விட்டவர்கள் இல்லை. பக்கத்து கிளினிக்கில் "அலர்ஜி ஆயிடும், நாங்க போடறதில்ல" என்று திருப்பி அனுப்பியதாகப் பலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். கடுமையான அலர்ஜி மிக அரிது, ஆனால் பயம் நியாயமானதுதான். எனவே அவசர மருந்துகள் இருக்கிற மருத்துவமனையில் போட்டுக்கொள்ளுங்கள், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். எழுதிக் கொடுத்த சீட்டையும் எக்கோ ரிப்போர்ட்டையும் ஒவ்வொரு தடவையும் கொண்டு போங்கள். வால்வு மிகவும் கெட்டு, ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஊசியா மாத்திரையா என்று முதலில் இதய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலித்து, விழுங்க முடியாமல், கழுத்தில் நெறி கட்டியிருந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதோடு விட்டுவிட வேண்டாம். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பென்சிலின் ஆரம்பித்தால்கூட ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். மூட்டு மூட்டாக வலி தாவினால், "வளர்ற புள்ள, கால் வலிக்கத்தான் செய்யும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு உட்காராமல், இதயத்தை ஒரு தடவை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.