கழற்றிய பேரிங்கை உடனே வீசாதீர்கள்: பிக்கப் வண்டியில் வீல் பேரிங் சீக்கிரம் போவது ஏன்?

வீல் பேரிங் போனது, புதிது போட்டாயிற்று, ஆறு மாதத்தில் அதே சக்கரத்தில் மறுபடி அதே ‘ஊங்’ இரைச்சல். இப்படி நடந்தால் பழி பேரிங்கின் தரத்தின் மேல்தான் விழும். போலிச் சரக்கு இல்லாமல் இல்லை. ஆனால் முதல் பேரிங்கைத் தின்றது எதுவோ அதுவே இரண்டாவதையும் தின்றிருக்கும் வாய்ப்புதான் அதிகம். அது எது என்பதைப் பழைய பேரிங்கே காட்டும். டீசலில் கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

ரேஸ் எனப்படும் பேரிங் வளையத்தில், பந்தோ ரோலரோ உருளும் ஓடுபாதையில் இரும்பு செதில் செதிலாக உரிந்திருந்தால், அதுவும் சுற்றாத வளையத்தில் ஒரு பகுதியில் மட்டும் உரிந்திருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சுமை. சுமைக்கும் பேரிங் ஆயுளுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. சுமை இரட்டித்தால் பந்து பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ரோலர் பேரிங்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 20 சதவீதம் கூடுதலாக ஏற்றினாலே, இருக்க வேண்டிய ஆயுளில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பிக்கப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: எவ்வளவு ஏற்றினோம் என்பதோடு எங்கே ஏற்றினோம் என்பதும் கணக்கில் வரும். முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் 500 கிலோவை வைத்தால் பின் அச்சில் இறங்குவது 550 கிலோ. முன் அச்சில் 50 கிலோ குறையும். மொத்த எடை அளவுக்குள் இருந்தும் பின் பேரிங் மட்டும் அடிக்கடி போகிறதென்றால், சரக்கு கதவோரமாகக் குவிகிறதா என்று பாருங்கள்.

சுமையே ஏற்றாமல் பேரிங்கைக் கெடுக்கும் வழியும் இருக்கிறது. அழகுக்காக அகல ரிம் போடுவது, ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவது. சக்கரம் தாங்கும் எடை இரண்டு பேரிங் வரிசைகளுக்கு நடுவாக விழும்படிதான் ஹப் (சக்கரம் மாட்டும், பேரிங் உட்காரும் நடுப்பாகம்) வடிவமைக்கப்பட்டிருக்கும். சக்கரம் வெளியே நகர நகர வெளிப்பக்க வரிசை அதிகம் தாங்கும்; வளைவில் திரும்பும்போது வரும் நெம்புவிசையும் கூடும். கனமான பெரிய டயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கிரீஸ் பாலாடை போல வெளுத்திருந்தாலோ, ரோலர் இடைவெளிக்கு ஏற்றபடி துருக்கோடுகள் இருந்தாலோ, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் ஹப் சூடாகி இருக்கும். அந்தச் சூட்டோடு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் எனும் ரப்பர் தடுப்பின் உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சும். அழுத்தமான நீரை ஹப்பின் மேல் நேராகப் பீய்ச்சுவதும் இதே வேலையைச் செய்யும். சர்வீஸ் செய்யும் வகை ஹப் என்றால், ஆழமான தண்ணீரில் போய்வந்த வண்டியை அடுத்த சர்வீஸ் வரை ஓட்டாமல், திறந்து கழுவிப் புது கிரீஸும் புது சீலும் போடுவதுதான் செலவு குறைந்த வழி.

பொருத்தும்போதே கெடுப்பதுதான் மனதை உறுத்தும் காரணம், ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. ரேஸில் சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் சுத்தியலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டில் இறுக்கமாக ஏறும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும், ஹப்பில் இறுக்கமாக இறங்கும்போது வெளி வளையத்தை மட்டும். தவறான வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் பந்துகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். அப்போது கண்ணுக்குத் தெரியாத பள்ளம் சில ஆயிரம் கிலோமீட்டரில் சத்தமாக வரும். டேப்பர் ரோலரில் (ரோலர்கள் சாய்வாக இருக்கும் வகை) ரோலரோடு வரும் உள் வளையமான கோன் மட்டும் புதிது, வெளி வளையமான கப் பழையது என்று மிச்சம் பிடிப்பதும் இதே கணக்கில்தான் முடியும். இரண்டும் ஜோடியாகத்தான் மாற வேண்டும்.

நட்டு இறுக்கத்தை ‘கை அனுபவம்’ என்று விட்டுவிடக் கூடாது. டேப்பர் பேரிங்கில் பொதுவான முறை இது: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி ரோலர்களை இருக்கையில் உட்கார வைத்து, பின் தளர்த்தி, விரலால் மறுபடி திருகி, நட்டு கழலாமல் பிடிக்கும் புதுக் காட்டர் பின் போடுவது. ஆட்டம் பெரும்பாலும் 0.025 முதல் 0.13 மி.மீ.க்குள் நிற்கும். சில வண்டிகளுக்கு ஆட்டமே இல்லாமல் லேசான இறுக்கம் கேட்பார்கள். அதற்கு அந்த மாடலின் கையேடுதான் கடைசிச் சொல். சீல் செய்த ஹப் யூனிட்டில் நிலைமை வேறு: உள் வளையங்களைச் சேர்த்துப் பிடிப்பது பல மாடல்களில் ஆக்ஸில் நட்டின் இறுக்கம்தான். நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முழு அளவுக்கு இறுக்குமுன் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டினால் புது யூனிட் அன்றைக்கே பழுதாகலாம்.

ரோலர் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அது சூடு. அதிக இறுக்கம், கிரீஸ் பற்றாக்குறை, விடாமல் உரசும் பிரேக் ஆகிய மூன்றையும் பாருங்கள். பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருந்தால் எந்தப் பேரிங்கும் நிற்காது. ஹப் முழுக்கக் கிரீஸை அடைப்பதும் சூட்டைக் கூட்டும். லித்தியம் கிரீஸோடு பாலியூரியா கிரீஸைக் கலந்தால் பல நேரங்களில் இளகி ஒழுகிவிடும். பழையதை முழுக்கத் துடைக்காமல் புதியதை வைக்காதீர்கள்.

பின் அச்சில் டிஃபரென்ஷியல் ஆயிலையே நம்பியிருக்கும் பேரிங் என்றால், அச்சுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அடைந்தால் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியே ஆயில் கசியும். பேரிங் காயும், பிரேக் லைனிங்கும் நனையும். சீல் மட்டும் மாற்றினால் மறுபடி கசியும்.

பாடி வேலைக்கு வெல்டிங் வைக்கும்போது எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் சுட்ட புள்ளிகளை விடும்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க: இடப்புறம் திரும்பும்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங், ஏனென்றால் எடை அங்கே சாய்கிறது. ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயரைப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷன் மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் போங்கள். புது பேரிங் போட்டு 20 கி.மீ. ஓட்டியதும், அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்தி இரண்டு பக்க ஹப்பின் சூட்டையும் வெப்பமானியால் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் என்றால், அன்றே மறுபடி கழற்றுங்கள்.