சுரண்டு வளையமா, வழிப்பு வளையமா?

கேரள எல்லையிலுள்ள வாளையார், கஞ்சிக்கோடு பட்டறைகளில் புழங்கும் ஏர் கம்ப்ரசர் கையேடுகளின் தமிழாக்கத்தில், பிஸ்டனின் கீழ்ப்பள்ளத்தில் அமரும் ஆயில் ரிங் 'எண்ணெய் சுரண்டு வளையம்' ஆகிவிடுகிறது. தொழிற்சங்கச் சுவரொட்டிக்குரிய சொல் பிஸ்டனில் ஏறிக்கொண்டதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலச்சொல் ஸ்கிரேப்பர், பழைய நோர்ஸ் மொழியின் ஸ்க்ராப்பா வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வினையின் பிள்ளை. மலையாளத்தில் தேங்காயைக்கூடச் 'சுரண்டுவார்கள்' என்பதால், எல்லைப்புறத்துக் காதுக்கு இது உறுத்துவதில்லை போலும். தமிழில் நாம் தேங்காயைத் துருவுகிறோம். சுரண்டுவது நகத்தால், அதுவும் கீறல் விழும்படி.

அந்த வளையம் செய்வது வேறு வேலை. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டர் சுவரில் மிகுந்திருக்கும் எண்ணெயை அது, ஆட்டுக்கல்லில் மாவை வழிப்பதுபோல், வழித்து, பள்ளத்தின் துளைகள் வழியே அடியில் எண்ணெய் தங்கும் கிராங்க் கேஸுக்குத் திருப்புகிறது. உராய்வைத் தடுக்கும் மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவைக்கிறது. சுவரை அது உண்மையிலேயே சுரண்டினால் கோடு விழும், அந்தக் கோட்டு வழியே எண்ணெய் மேலேறும், எண்ணெய்ச் செலவு கூடும். கோளாற்றின் பெயரைக் கருவிக்குச் சூட்டியிருக்கிறார்கள்! மேலும், வழித்தலுக்குத் திசை உண்டு, சுரண்டலுக்கு இல்லை. வெளிமுகம் சற்றே சாய்ந்திருக்கும் சாய்முக வளையத்தைத் தலைகீழாக மாட்டினால் அது எண்ணெயைக் கீழே இறக்காமல் மேலே ஏற்றும்; பிறகு காற்று டேங்கின் அடியில் வடிக்கும் நீர், எண்ணெய் கலந்து பால்போல் கலங்கி வரும்.

ஆகவே 'எண்ணெய் வழிப்பு வளையம்' என்பதே பொருந்தும். வழிப்பு என்றால் வழிப்பறி நினைவுக்கு வருகிறது என்று ஒரு மறுப்பு உண்டு. சுரண்டல் மட்டும் நல்ல நினைவையா தருகிறது? அகராதியின் முதற்பொருளை எடுத்துக்கொண்டு, பொருளைக் கண்ணால் பாராமலே மொழிபெயர்ப்பவர்கள்தாம் 'எண்ணெய் நுகர்வு' என்றும் எழுதுகிறார்கள். நுகர்வதற்கு இயந்திரத்துக்கு மூக்கா இருக்கிறது, எண்ணெய்ச் செலவு என்றால் போதாதா?

'சுரண்டு' என்ற சொல்லால் விளையும் கேடு சிறிதன்று. எண்ணெய்ச் செலவு கூடியதற்குக் காரணம் 'வளையம் சரியாகச் சுரண்டவில்லை' என்று படிப்பவர் உடனே பிஸ்டனைக் கழற்றப் புகுவார். அதற்கு முன் எண்ணெய் மட்டம் அளவுக்கு மேல் உள்ளதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த வடிகட்டியால், பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை இழுக்கும் உறிஞ்சு வீச்சில் சிலிண்டருக்குள் வெற்றிடம் மிகுந்து, நன்றாக வழிக்கும் வளையத்தையும் தாண்டி எண்ணெய் மேலே இழுபடும்.