தெருமரம் எப்படிச் சாகிறது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பழி காற்றின் மேலும் குல்மோகர் போன்ற அயல்நாட்டு மரங்களின் மேலும் விழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரின் கிளைகள் எளிதில் முறிபவை. ஆனால் வேரோடு சாய்ந்து கிடக்கும் ஒரு தெருமரத்தின் அடிப்பக்கம் போய் நின்று பாருங்கள். சாலைப் பக்கத்து வேர்கள் நேர்கோட்டில் நறுக்கப்பட்டு, வெட்டுவாய் கறுத்து உளுத்திருப்பதைப் பலமுறை காணலாம். அது புயலின் வேலை அல்ல. எப்போதோ கேபிளுக்கோ மழைநீர் வடிகாலுக்கோ பள்ளம் தோண்டியவர்கள் செய்த வேலை.

மரத்தின் உயரத்துக்கு வேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று பலரும் நம்புகிறோம். உண்மையில் நீரையும் தாதுக்களையும் உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகிறது. காரணம் ஆக்சிஜன். வேரும் சுவாசிக்கிறது. வளமான மண்ணின் கனஅளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடம். அதில் நீரும் காற்றும் இருக்கும். சாலை போடுபவர்களோ ரோலர் ஓட்டி அந்த இடைவெளிகளை வேண்டுமென்றே நசுக்குகிறார்கள். சாலை உறுதியாக நிற்க அது தேவை. அதற்கு மேல் தண்டை ஒட்டிச் சிமென்டும் பூசிவிட்டால், மழைநீரும் உள்ளே இறங்காது, காற்றும் போகாது.

மூச்சுத் திணறும் வேர் தண்ணீரை ஏற்றாது. தண்ணீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். கரியமில வாயு உள்ளே வராததால் சர்க்கரை உற்பத்தி குறையும். சர்க்கரை கிடைக்காத வேர் மேலும் சுருங்கும். சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டு மரம் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். பிறகு உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். அடித்தண்டில் பூஞ்சைக் காளான் தட்டுப்போலப் புடைத்து வரும். அதைப் பார்க்கும்போதுதான் மரத்துக்கு நோய் என்கிறோம்!

தாங்கி நிற்கும் தடித்த வேர்களின் கதை வேறு. தண்டின் விட்டத்தைப்போல மூன்று மடங்கு தூரத்துக்குள் பள்ளம் வெட்டினால் மரத்தின் பிடிமானம் வெகுவாகக் குறையும். இலைகள் பச்சையாகவே இருப்பதால் யாருக்கும் தெரியாது. வெட்டுவாய் வழியாக அழுகல் ஏறிக்கொண்டிருக்கும்.

பட்டைக்கு நேரும் கொடுமையும் சிறிதல்ல. இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்கும் புளோயம் திசு, பட்டைக்குச் சற்று உள்ளேதான் இருக்கிறது. கன்றுக்குக் காவலாக வைத்த இரும்புக் கூண்டை யாரும் கழற்றாமல் விட்டு, மரம் பருத்ததும் கம்பி பட்டைக்குள் புதைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுற்றிலும் இறுக்கினால் முதலில் பட்டினி கிடப்பது வேர்தான். விளம்பரப் பலகைக்கு அடிக்கும் ஆணி ஒவ்வொன்றும் ஒரு புண். அமெரிக்க வனவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ காட்டியதுபோல, மரம் புண்ணை ஆற்றுவதில்லை. அழுகல் பரவாமல் சுற்றிலும் தடுப்பு எழுப்பி அடைத்துவைக்கிறது, அவ்வளவே.

கன்று நடும் விழாக்களில் எத்தனை நட்டோம் என்றுதான் எண்ணுகிறார்கள். தெருமரங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து லாரா ரோமன், ஃபிரெடெரிக் ஸ்கடேனா இருவரும் 2011-இல் கணக்கிட்ட சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டுகள்தான். நாற்றங்காலில் பாலிதீன் பைக்குள் சுருண்டுபோன வேரைப் பிரித்துவிடாமல் நட்டால், அது மண்ணுக்குள்ளும் வட்டமடித்து, பின்னாளில் தன் தண்டையே நெரிக்கும்.

இவற்றில் பலவற்றுக்குத் தீர்வு கடினமே அல்ல. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்றும்படி 2013-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரு கடப்பாரையும் ஒரு நாள் வேலையும் போதும். ஆனால் சிமென்டை எடுத்தபின் இறுகிய மண்ணைக் கிளறி, மக்கிய இலையைப் பரப்ப வேண்டும். கிளறும்போது சல்லிவேர் அறுபடக் கூடாது. வேர்கள் மேல்மண்ணில் இருப்பதால், கேபிள் குழாயை அவற்றுக்குக் கீழே துளையிட்டு நுழைக்கவும் முடியும். சாலைக்கு அடியில் குழாய் செலுத்த அந்த முறையை ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள்.