ஆடிக் காற்றும் ஆகாய ரோடும்

ஆடி மாதம் சேலத்தில் இருப்பவருக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்துத் தெருவில் கிடக்கும். ஏற்காடு லேடீஸ் சீட்டில் கம்பியைப் பிடிக்காமல் நின்றால் ஆளையே தள்ளும். அப்படி ஒரு சாயங்காலம், மேகம் கொஞ்சம் விலகியபோது, தலைக்கு மேல் வெகு உயரத்தில் ஒரு விமானம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. "மேல்காத்து பின்னாடியிருந்து தள்ளுது, அவனுக்கு ஜாலிதான்" என்றேன். பக்கத்தில் நின்ற பள்ளித் தோழன் சிரித்தான். அவன் விமானி, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான்.

"மாப்ள, அவனுக்கு இப்ப எதிர்காத்து."

உண்மைதான். நம்மைத் தள்ளுவது தென்மேற்குப் பருவக்காற்று. அதன் ஆட்டமெல்லாம் தரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உயரம் வரைதான். அதற்கு மேலே போகப்போகக் காற்று திசை மாறிவிடும். கோடையில் திபெத் பீடபூமி அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சூடாகிறது. அதற்கு மேலே உயரத்தில் ஒரு பெரிய காற்றுச் சுழல் உருவாகிறது. அந்தச் சுழலின் தெற்கு விளிம்பு தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. கிழக்கு ஜெட் காற்று என்று இதைச் சொல்வார்கள். 1950-களில் இதை அடையாளம் கண்டு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இதன் வேகம் உச்சத்தில் இருப்பது 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில். பயணிகள் விமானம் பறப்பது 10, 12 கிலோமீட்டரில் என்பதால் அடி கொஞ்சம் குறைவு, ஆனாலும் உறைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானம் 3,000 கிலோமீட்டரைக் காற்றில்லாத நாளில் 3 மணி 20 நிமிடத்தில் கடக்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று இருந்தால் 3 மணி 37 நிமிடம். அதே காற்று முதுகில் இருந்தால் 3 மணி 6 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் இடையே அரை மணி நேர வித்தியாசம். மார்கழியில் மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் கணக்கு தலைகீழாகிவிடும். நாம் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்கிறோம். விமானி அதை நிமிடத்திலும், கிலோ கணக்கில் எரிபொருளிலும் பார்க்கிறான்.

"அப்ப நேரா கோடு போட்டு, காத்தைப் பாத்துக் கொஞ்சம் வளைச்சாப் போதுமா?" என்று கேட்டேன். நேர்க்கோடு என்பதே வம்பு பிடித்த விஷயம். கையில் ஒரு ஆரஞ்சு இருந்தது (ஏற்காடு வந்துவிட்டு வாங்காமல் போனால் வீட்டில் திட்டு விழும்). அதைப் பூமி என்று நினைத்து, மேலே இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால், அதுதான் மிகக் குறைந்த தூரம். பெங்களூரையும் சான்பிரான்சிஸ்கோவையும் அப்படி இணைத்தால் நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும். சுவரில் மாட்டிய உலகப் படத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் அந்த வழியில்தான் 2021 ஜனவரியில் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே சேர்ந்து ஏர் இந்தியா விமானத்தை பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் நூல் போகிற வழியெல்லாம் விமானம் போக விடமாட்டார்கள். வானத்துக்கும் வேலி உண்டு. 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலிருக்கும் வானம் சொந்தம். கதவைச் சாத்தினால் சுற்றித்தான் போக வேண்டும். 2022-ல் ரஷ்யா ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வானத்தை மூடியபோது, பின்லாந்தின் ஃபின்ஏருக்கு ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ போகும் சுமார் 9 மணி நேரப் பயணம் 13 மணி நேரமாகிவிட்டது. ஆசியாவுக்கு மிகக் குறுக்கான வழி எங்களுடையது என்று சொல்லிப் பிழைத்த நிறுவனம் அது! 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து தாஷ்கண்ட், அல்மாட்டி போய்க்கொண்டிருந்த சேவைகளை இண்டிகோ நிறுத்தியது. சுற்றிப் போனால் அந்தச் சின்ன விமானங்களுக்கு எட்டவில்லை.

"நாலு மணி நேரம் கூடினா நாலு மணி நேர எண்ணெய் கூடுதலாப் போட்டா சரியாப் போச்சு" என்று நாம் நினைப்போம். இங்கேதான் இடிக்கிறது. எரிபொருளுக்கும் எடை உண்டு. அதைத் தூக்கிச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றியதில் மணிக்கு 3, 4 சதவீதம் அதைச் சுமப்பதற்கே செலவாகிவிடும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. பத்து மணி நேரப் பயணத்தில் ஒரு டன் கூடுதலாக ஏற்றினால், இறங்கும்போது முந்நூறு கிலோவாவது காணாமல் போயிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் தண்ணீர் லாரி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். போதாக்குறைக்கு, பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் இரண்டு விமானிகள் போதாது. மூன்றோ நான்கோ பேர் வேண்டும். ஆள் கூடினால் செலவு கூடும். ஒரு கட்டத்தில் அந்த ஊருக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். நாடுகள் போடும் சண்டையில் டிக்கெட் விலை ஏறுகிற வழி இதுதான்.

இமயமலைக்கு மேலே ஏன் அதிகம் போவதில்லை என்று அவனிடம் கேட்டேன். உயரம் பிரச்சினை இல்லையாம். விமானம் எவரெஸ்டைத் தாண்டி மேலே பறக்கும். உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால்தான் வினை. பயணிகளின் தலைக்கு மேல் தொங்கும் முகமூடியில் ஆக்சிஜன் பல விமானங்களில் சுமார் கால் மணி நேரம்தான் வரும். அதற்குள், முகமூடி இல்லாமல் மூச்சு விட முடிகிற 3,000 மீட்டருக்கு இறங்க வேண்டும். கீழே தரையே 5,000 மீட்டரில் இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் அங்கே பறக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தப்பிக்கும் வழியை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

இப்போது ஆசிய வழித்தடங்களை மாற்றப்போவது இன்னொரு சங்கதி: சின்ன உடம்பில் பெரிய டேங்க். 2024-ல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ321 எக்ஸ்எல்ஆர், நடுவே ஒரே நடைபாதை கொண்ட விமானம். ஆனால் 8,700 கிலோமீட்டர் போகும் என்கிறது ஏர்பஸ். சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200. காகிதத்தில் எட்டிவிடும், எதிர்காற்று, மூடிய வானம் இரண்டையும் சேர்த்தால் கையைக் கடிக்கும். கொஞ்சம் கிட்டத்து ஊர்களுக்கு முந்நூறு பேர் சேர வேண்டும் என்று காத்திருக்காமல் நேராகப் போகலாம். துபாயிலோ தோஹாவிலோ விடிய விடியப் பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. பயணிக்கு நல்லதுதான் என்றான் அவன். "ஒத்தை நடைபாதையில எட்டு மணி நேரம் உக்காந்து பாரு, அப்புறம் பேசலாம்" என்றும் சொன்னான்.

நம்ம ஊர் கமலாபுரம் விமான நிலையத்துக்கு இந்தப் பேச்செல்லாம் தூரம். அதன் ஓடுதளம் 1,806 மீட்டர். விசிறி வைத்த சின்ன விமானமான ஏடிஆர் 72-க்கு அது தாராளம். முழு பாரத்தோடு ஒரு ஏர்பஸ் ஏ320 ஜெட் விமானம் எழும்ப 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் கூடுதல். சூடான காற்று லேசாக இருப்பதால் இறக்கைக்கும் பிடி கிடைக்காது, எஞ்சினின் தள்ளும் பலமும் குறையும்.

மறுநாள் அதிகாலை அவனுக்கு டியூட்டி. பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் காரில் போக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கே கிளம்பி, ஓமலூர் தாண்டி, கமலாபுரம் விமான நிலையப் பலகையைக் கடந்து போனான்.