குளிரில் குணம் மாறும் எஃகு

1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், வெள்ளோட்டம் முடித்துத் துறையோரம் அசையாமல் நின்றிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், புயலோ மோதலோ இன்றிப் பேரோசையுடன் நடுவில் பிளந்தது. மேல்தளமும் இரு பக்கங்களும் முறிந்துவிட, அடித்தகடு மட்டுமே இரு பாதிகளையும் பிடித்து நின்றது. முதலில் பழி வெல்டிங் மீது விழுந்தது. அதில் குறைகள் இருந்தது உண்மைதான். ஆனால் காரணம் அதோடு முடியவில்லை.

ஓர் உலோகம் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது வேறு, முறிவதற்குள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது வேறு. துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டு வைத்துவிட்டு, மீதியைக் கையாலேயே கிழித்துவிடுவார். இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் முனையில் குவிவதே இதன் சூட்சுமம். உலோகத்தில் உள்ள விரிசலின் முனையிலும் இதுவே நிகழ்கிறது. அங்கே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சென்றால் முனை மழுங்கும், ஆற்றல் செலவாகும், விரிசல் தயங்கும். வழுக்க முடியாவிட்டால் அணுப் பிணைப்புகள் வரிசையாக அறுபட, விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் தகட்டைக் கடந்துவிடும்.

சாதாரண எஃகில் இந்த வழுக்கலுக்கு அணுக்களின் வெப்ப அதிர்வு துணை செய்ய வேண்டியிருப்பதால், குளிர் கூடக்கூட அது கடினமாகிறது. செம்பு, அலுமினியம் போன்றவற்றில் அணுக்களின் அடுக்குமுறை வேறு என்பதால், கடுங்குளிரிலும் அவை இப்படி நொறுங்குவதில்லை. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவை அலுமினியக் கலவையிலோ நிக்கல் சேர்த்த எஃகிலோ வைப்பது இதனால்தான்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர், போர்க்காலக் கப்பல்களின் எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வளையாமல் நொறுங்கும் என்று காட்டினார். இதை மெதுவாக இழுத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை எளிதில் காட்டிக்கொடுக்காது. வெட்டிட்ட சிறு துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து, முறித்த பின் சுத்தியல் எவ்வளவு உயரம் எழுகிறது என்று பார்க்கும் ஷார்ப்பி சோதனை காட்டும்: குறைவாக எழுந்தால், உலோகம் அதிக ஆற்றலை விழுங்கியிருக்கிறது.

வெல்டிங்குக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தகடுகளைத் தறையாணி (ரிவெட்) அடித்து இணைத்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த உடற்பகுதியோ ஒரே தகடு போன்றது. ஆகவே பிந்தைய கப்பல்களில் சரக்கறை வாய்களின் கூர்மூலைகளை வளைவாக்கினார்கள். விரிசலை மறிப்பதற்கென்றே, சில இடங்களில் தகடுகளை மீண்டும் தறையாணியால் பொருத்தினார்கள்.